கேள்வி பதில்: லைப்ரரி ஃபைலை எந்த ஃபோல்டரில் போடுவது?

கேள்வி: நான் எழுதிய ஒரு சின்ன கணக்கு மென்பொருளுக்கு லினக்ஸில் இன்ஸ்டாலர் தயார் செய்கிறேன். கூடவே ஒரு லைப்ரரியும் (அது ஓடும்போது எடுத்துப் பயன்படுத்துகிற கோட் ஃபைல்) போகிறது. அதை /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரில் போட்டால் சில கணினிகளில் லைப்ரரி கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. /யூஎஸ்ஆர்/லிப் ஃபோல்டரில் போட்டால் நான் சோதித்த எல்லாவற்றிலும் ஓடுகிறது. பேசாமல் அங்கேயே போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இன்றைக்கு ஓடுகிறது என்பது மட்டும்தான் உங்கள் சோதனையில் தெரிந்தது. ஒரு லைப்ரரியை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது நம்மில் பலரும் "லோடர் எங்கே தேடும்" என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம் (புரோகிராம் தொடங்கும்போது அதற்கான லைப்ரரிகளைத் தேடி ஏற்றுவதுதான் லோடர்). அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, நாளைக்கு இந்த ஃபைலைப் புதுப்பிக்கப் போவது யார், அழிக்கப் போவது யார் என்பது.

/யூஎஸ்ஆர்/லிப் என்பது டிஸ்ட்ரோவின் (டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பின்) பேக்கேஜ் மேனேஜர், அதாவது மென்பொருள்களை நிறுவி நீக்கும் கருவி, ஆளுகிற இடம். அங்கே இருக்கிற ஒவ்வொரு ஃபைலும் எந்த பேக்கேஜோடு வந்தது என்று அதனிடம் கணக்கு இருக்கிறது. டெபியனிலோ உபுண்டுவிலோ 'டிபிகேஜி -எஸ்' (பெரிய எழுத்து எஸ்) என்று அடித்து ஒரு ஃபைலின் பாதையைக் கொடுத்துப் பாருங்கள், பேக்கேஜின் பெயரைச் சொல்லும். உங்கள் இன்ஸ்டாலர் போட்ட ஃபைலைக் கொடுத்தால் அந்தப் பாதைக்கு எந்த பேக்கேஜும் பொருந்தவில்லை என்று பதில் வரும். அதாவது, அந்த ஃபைல் இருப்பதே கணக்கில் இல்லை. பிறகு ஒருநாள் அதே பெயரில் டிஸ்ட்ரோவே ஒரு லைப்ரரியைக் கொண்டுவந்தால் உங்கள் ஃபைல் சத்தமில்லாமல் மேலெழுதப்படும், ஒரு எச்சரிக்கைகூட வராது. தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: டிஸ்ட்ரோ போட்டு வைத்த ஃபைலின் மேல் உங்களுடையது போய் உட்கார்ந்துவிட்டால், அதை நம்பியிருக்கிற வேறு பத்து புரோகிராம்கள் உங்கள் பதிப்பில் ஓட ஆரம்பிக்கும், அவற்றை எழுதியவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இது எனக்கே நடந்தது. படங்களைக் கையாளும் ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பு தேவைப்பட்டது, டிஸ்ட்ரோவில் பழையதுதான் இருந்தது. சோர்ஸை எடுத்து, ப்ரிஃபிக்ஸை (நிறுவும் இடத்தின் தொடக்கப் பாதையை) /யூஎஸ்ஆர் என்று மாற்றி, கம்பைல் செய்து போட்டுவிட்டேன். வேலை முடிந்தது என்று மறந்தும் போனேன். சில வாரம் கழித்து வழக்கமான அப்டேட் ஒன்று வந்து பழைய பதிப்பையே திரும்ப அங்கே வைத்துவிட்டது. அது சரியாகத்தான் செய்தது, அந்த இடம் அதனுடையது. என் புரோகிராம் மட்டும் ஏதோ ஒரு சிம்பல் (லைப்ரரிக்குள் இருக்க வேண்டிய ஒரு செயல்பாட்டின் பெயர்) கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றது. ஒரு வரிகூட மாற்றாத கோடில் எங்கே தப்பு என்று தேடியே அந்த நாளில் பாதி போனது.

சரி, பிறகு எங்கே? சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து போடுவதென்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல். ஆட்டோகான்ஃப், சிமேக் என்ற பில்ட் கருவிகள் இரண்டும் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அங்கேதான் வைக்கும், அது தற்செயல் இல்லை. லினக்ஸ் ஃபோல்டர்களுக்கான பொது விதித்தொகுப்பு 1994-இல் முதலில் வந்தது; எஃப்எச்எஸ் என்ற பெயரில் அதன் 3.0 பதிப்பு 2015-இல் வெளியானது. கணினியைப் பராமரிப்பவர் தானே நிறுவுகிறவற்றுக்கான இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல், சிஸ்டம் அப்டேட் அதைத் தொடக்கூடாது என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. கம்பைல் செய்து முடித்த பைனரியைக் கொடுக்கிறீர்கள், அதற்கு எந்த டிஸ்ட்ரோவும் பொறுப்பில்லை என்றால் /ஆப்ட்-க்குள் உங்கள் மென்பொருளின் பெயரில் ஒரு ஃபோல்டர், எல்லாம் அதற்குள். ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாதவருக்கு அவருடைய ஹோம் ஃபோல்டருக்குள் .லோக்கல்/லிப். டெப் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாக டிஸ்ட்ரோவுக்குள்ளேயே போகிறது என்றால் மட்டும் /யூஎஸ்ஆர், ஏனென்றால் அப்போது பேக்கேஜ் மேனேஜர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். ஃபைல் இருக்கிறது, லோடருக்குத் தெரியவில்லை. லோடர் ஒவ்வொரு முறையும் டிஸ்க் முழுவதையும் துழாவுவதில்லை. புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்த பாதை, எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் கொடுத்த ஃபோல்டர்கள், /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற ஃபைலில் இருக்கிற பட்டியல், இவற்றோடு ஓரிரண்டு வழக்கமான ஃபோல்டர்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியலைத் தயாரிப்பது எல்டிகான்ஃபிக் கட்டளை. எந்த ஃபோல்டர்களைப் படித்துத் தயாரிக்க வேண்டும் என்பது /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபைல்களில் இருக்கும். டெபியன் பக்கம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே உண்டு, ஃபெடோரா, ரெட் ஹேட் பக்கம் வெகு காலமாக இல்லை. உங்களுக்குச் சில கணினிகளில் மட்டும் தகராறு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். டெபியனிலேயேகூட ஃபைலை வைத்த பிறகு எல்டிகான்ஃபிக் ஓட்டவில்லை என்றால் கேஷில் பழைய பட்டியல்தான் இருக்கும்.

அந்தக் கணினிகளில் ஒன்றில் 'எல்டிடி' கட்டளையை உங்கள் புரோகிராமின் மேல் ஓட்டுங்கள். வரிசையாக லைப்ரரிகளின் பெயரும் அவை கிடைத்த பாதையும் வரும், நடுவில் ஒரு வரியில் மட்டும் 'லிப்கணக்கு.எஸ்ஓ.2' என்று எழுதி அம்புக்குறிக்கு எதிரே 'கிடைக்கவில்லை' என்று இருக்கும். அது போதாதென்றால் எல்டி_டீபக் என்ற மாறியில் 'லிப்ஸ்' என்று வைத்துவிட்டு புரோகிராமை ஓட்டுங்கள். லோடர் எந்தெந்த ஃபோல்டரில் எந்தப் பெயரோடு எட்டிப் பார்த்தது என்று ஒவ்வொன்றாகத் திரையில் கொட்டும். கொஞ்சம் நீளமாக இருக்கும், ஆனால் பொறுமையாகப் படித்தால் ஊகிக்க வேண்டிய தேவையே இருக்காது. இதை ஒரு முறை செய்து பார்த்தவர்கள் அதற்கப்புறம் ஃபைலை நாலு இடத்தில் நகலெடுத்துப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுவார்கள்.

கேள்வி: லிப், லிப்64, அப்புறம் டெபியனில் எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ என்று ஒரு நீளமான ஃபோல்டர். 64 பிட் லைப்ரரிக்கு எது சரி? என் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் டிஸ்ட்ரோவின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: அந்த ஸ்கிரிப்டை இப்போதே நிறுத்துங்கள், தயவுசெய்து. மூன்றும் சரிதான், அந்தந்த இடத்தில். ஒரே கணினியில் 32 பிட், 64 பிட் இரண்டு வகை லைப்ரரியும் மோதாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே பிரச்சினைக்கு வந்த வெவ்வேறு தீர்வுகள் இவை. ரெட் ஹேட் வழி வந்தவர்கள் 64 பிட்டுக்கு லிப்64 என்று தனியே பிரித்தார்கள். டெபியன் 2013-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் ஒரு ஃபோல்டர் என்று போனது. அப்படிச் செய்ததால் ஏஆர்எம் லைப்ரரியையும் இன்டெல் லைப்ரரியையும்கூட ஒரே டிஸ்க்கில் அருகருகே வைக்க முடிகிறது. இன்னும் சில டிஸ்ட்ரோக்களில் வெறும் லிப் மட்டும்தான்.

இதையெல்லாம் நீங்கள் பெயர் பார்த்துப் பார்த்து எழுதத் தேவையில்லை. சிமேக்கில் 'க்னூஇன்ஸ்டால்டிர்ஸ்' என்ற மாட்யூலைச் சேர்த்துவிட்டு, லைப்ரரியை வைக்கும் இடமாக அது தருகிற லிப்டிர் மாறியைக் கொடுங்கள். மெசான் என்ற பில்ட் கருவியிலும் இதே பெயரில் ஒரு தேர்வு இருக்கிறது. ஆட்டோகான்ஃபில் வெகு நாளாகவே உண்டு. சிமேக்கும் மெசானும் சூழலைப் பார்த்து ஒரு நல்ல ஊகத்தைத் தரும், ஆட்டோகான்ஃப் வேறு சொல்லாவிட்டால் வெறும் லிப் என்றே வைத்துக்கொள்ளும், அந்த ஊகம் தப்பென்றால் பேக்கேஜ் செய்கிறவர் ஒரே வரியில் மாற்றிக்கொள்வார். அந்த மாற்றத்துக்கு இடம் விடுவதுதான் உங்கள் வேலை. ஸ்கிரிப்டுக்குள் 'லிப்' என்று நேரடியாக எழுதிவிட்டால் அவர் உங்கள் கோடைத் திருத்தித்தான் ஆக வேண்டும், ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் திரும்பத் திரும்ப.

இன்னொன்று, டெஸ்ட்டிர் என்ற மாறியில் வருகிற பாதையையும் மதியுங்கள். பேக்கேஜ் செய்கிறவர்கள் உங்கள் ஃபைல்களை முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள் நிறுவி, அங்கிருந்து பேக்கேஜாகக் கட்டுவார்கள். அந்தத் தற்காலிகப் பாதை பிகேஜி-கான்ஃபிக் ஃபைலுக்குள்ளோ (லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கம்பைல் செய்கிறவருக்குச் சொல்லும் ஃபைல்) பைனரிக்குள்ளோ எழுதப்பட்டுவிடக் கூடாது. எழுதப்பட்டுவிட்டால் நிறுவுகிறவரின் கணினியில் இல்லாத ஒரு ஃபோல்டரை உங்கள் மென்பொருள் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: என் லைப்ரரியை என் புரோகிராமைத் தவிர வேறு யாரும் பயன்படுத்த மாட்டார்கள். அதற்கும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா? இப்போதைக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எல்டி_லைப்ரரி_பாத் வைத்துவிட்டு புரோகிராமை ஓட்டுகிறேன்.

பதில்: உங்கள் வேலை இதில் சுலபம்தான். வேறு யாரும் பயன்படுத்தாத லைப்ரரி பொது ஃபோல்டரில் இருக்கவே வேண்டாம். லிப்புக்குள் உங்கள் மென்பொருளின் பெயரில் ஒரு துணை ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள், பிளகின்களும் அங்கேயே. அந்த இடத்தை புரோகிராமுக்கே சொல்லிவிட வேண்டும்: லிங்க் செய்யும்போது ரன்பாத்தில் (லைப்ரரியை எங்கே தேடுவது என்று ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கிற பாதை) '$ஆரிஜின்' என்று ஆரம்பிக்கிற பாதையைக் கொடுங்கள். $ஆரிஜின் என்றால் 'இந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கிருந்து' என்று அர்த்தம். புரோகிராம் 'பின்' ஃபோல்டரில் இருந்தால், ஒரு படி மேலே ஏறி 'லிப்/கணக்கு' என்று எழுதினால் போதும். மொத்தமாக வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் ஓடும்.

எல்டி_லைப்ரரி_பாத் வைக்கிற ஸ்கிரிப்டை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது உங்கள் புரோகிராமோடு நிற்பதில்லை, அதிலிருந்து கிளம்புகிற எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டு போகிறது. பயனர் உங்கள் மெனுவில் 'உதவி' என்பதைக் கிளிக் செய்கிறார், நீங்கள் பிரவுசரைத் திறக்கிறீர்கள். அந்த பிரவுசர் சிஸ்டத்தில் இருக்கிற சி++ லைப்ரரியை விட்டுவிட்டு உங்கள் ஃபோல்டரில் இருக்கிற பழைய நகலை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலேயே விழுகிறது. பயனருக்குத் தெரிவதெல்லாம், கிளிக் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். இதை உங்களுக்குப் புகாராக எழுதி அனுப்பக்கூட அவருக்கு வழி தெரியாது.

ரன்பாத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அதை எழுதிய ஃபைல் நேரடியாகக் கேட்கிற லைப்ரரிகளுக்கு மட்டும்தான் அது பயன்படும். அந்த லைப்ரரி இன்னொரு லைப்ரரியைக் கேட்டால், அதற்குள்ளும் தனியாக ஒரு ரன்பாத் இருக்க வேண்டும். அப்புறம், சிமேக் கம்பைல் செய்யும்போது தானாகவே ஒரு பாதையை எழுதிவிட்டு, நிறுவும்போது அதை நீக்கிவிடும். பில்ட் ஃபோல்டரில் அருமையாக ஓடியது நிறுவியதும் ஓடவில்லை என்று வருகிற புகார்களில் அடிக்கடி காரணம் இதுதான். நிறுவிய பிறகு இருக்க வேண்டிய பாதையை (சிமேக் இதை ஆர்பாத் என்கிறது) தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸுக்கு இன்ஸ்டாலர் எழுதுகிறேன். என் மேலதிகாரி டிஎல்எல் ஃபைல்களை, அதாவது விண்டோஸ் லைப்ரரிகளை, சிஸ்டம்32 ஃபோல்டரில் போடச் சொல்கிறார், அப்போதுதான் எங்கிருந்து ஓட்டினாலும் கிடைக்குமாம். சரிதானா?

பதில்: அவர் சொல்வது ஒரு காலத்தில் எல்லோரும் செய்ததுதான், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் பட்ட பாட்டுக்குத்தான் 'டிஎல்எல் ஹெல்' என்று பெயரே வந்தது. ஒவ்வொரு இன்ஸ்டாலரும் தன் நகலை அந்த ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும், சில பதிப்பு எண்ணைக்கூடப் பார்க்காது, புதியதன் மேல் பழையது போய் உட்காரும், நேற்று வரை ஓடிய வேறொரு மென்பொருள் இன்று திறக்காது. விண்டோஸ் 2000-இல் சிஸ்டம் ஃபைல்களை யாராவது மாற்றினால் தானாகத் திரும்ப வைக்கிற பாதுகாப்பைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்பியில் ஒரே டிஎல்எல்லின் பல பதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைக்கிற ஏற்பாடு வந்தது. இரண்டுமே அந்த வேதனையிலிருந்து பிறந்தவை.

உங்கள் டிஎல்எல் உங்கள் இஎக்ஸ்இ இருக்கிற ஃபோல்டரிலேயே இருக்கட்டும். வழக்கமான தேடலில் சிஸ்டம் ஃபோல்டருக்கு முன்பே புரோகிராமின் சொந்த ஃபோல்டரைத்தான் விண்டோஸ் பார்க்கிறது, ஆகவே எங்கிருந்து ஓட்டினாலும் கிடைக்கும், மேலதிகாரியின் கவலைக்கும் அதுவே பதில். விஷுவல் சி++ ரன்டைம் (மைக்ரோசாஃப்டின் சி++ கம்பைலரில் செய்த புரோகிராம்களுக்கு வேண்டிய லைப்ரரிகள்) தேவையென்றால் அதன் டிஎல்எல்களைப் பொறுக்கி எடுத்து நகலெடுக்காதீர்கள், மைக்ரோசாஃப்ட் தருகிற ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இன்ஸ்டாலரையே உங்களுடையதற்குள் வைத்து ஓட்டுங்கள். அப்படிச் செய்தால் விண்டோஸ் அப்டேட் அதைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் நிறுவனத்தின் பல மென்பொருள்கள் ஒரே டிஎல்எல்லைப் பகிர்கின்றன என்றால் 'காமன் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் உங்களுக்கென்று ஓர் இடம் போடலாம், ஆனால் உண்மையிலேயே பகிர்கிறதா என்று நன்றாக யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, பலர் இதில் விழுகிறார்கள். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் டிஎல்எல்கள், சிஸ்வாவ்64 என்பதில் இருப்பவை 32 பிட். எழுத்துப் பிழையில்லை, அப்படித்தான். 32 பிட் இன்ஸ்டாலர் ஒன்று சிஸ்டம்32 என்று கேட்டால் விண்டோஸே அதைத் திருப்பி சிஸ்வாவ்64 பக்கம் அனுப்பிவிடும்.

இன்ஸ்டாலரே ஒரு புரோகிராம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். பயனர் அதை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து ஓட்டுகிறார், அதுவும் அட்மின் அனுமதியோடு. அந்த ஃபோல்டரில் ஏற்கெனவே சரியான பெயரில் ஒரு கெட்ட டிஎல்எல் விழுந்து கிடந்தால், உங்கள் இன்ஸ்டாலர் அதை எடுத்து ஓட்டிவிட வாய்ப்பு இருக்கிறது. 2010-இல் இந்த வகைத் தாக்குதல் பற்றி மைக்ரோசாஃப்டே எச்சரிக்கை வெளியிட்டது. இன்ஸ்டாலர் உருவாக்கும் கருவியின் புதிய பதிப்பைப் பயன்படுத்துங்கள், பிரபலமானவற்றில் இதற்கான தடுப்பைச் சேர்த்திருக்கிறார்கள்.

கேள்வி: எல்லாரும் அவரவர் ஃபோல்டரில் ஒரு நகல் வைத்துக்கொண்டால் டிஸ்க் வீணாகாதா?

பதில்: டிஸ்க்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஓட்டை விழுந்த நகல்களைப் பற்றித்தான் கவலை. 2002-இல் இசட்லிப் என்ற சுருக்கும் லைப்ரரியில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்தது; அதைத் தனக்குள் சேர்த்துக்கொண்ட மென்பொருள்கள் எவை எவை என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதாயிற்று. 2004-இல் ஜேபெக் படங்களைத் திறக்கும் ஜிடிஐபிளஸ் டிஎல்எல்லில் குறை வந்தபோது, சிஸ்டத்தில் இருந்த நகலை மட்டும் திருத்தினால் போதவில்லை, மற்ற மென்பொருள்கள் தங்கள் ஃபோல்டர்களில் வைத்திருந்த நகல்களும் இருந்தன. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரி விஷயத்திலும் அதேதான், பிரவுசர்கள் சில நாட்களில் சரியாகின, அதே லைப்ரரியை உள்ளே வைத்திருந்த மற்ற மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதுப் பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

அதனால் என் வழி இது: வெளியிலிருந்து வருகிற ஃபைலைத் திறக்கிற, நெட்வொர்க்கில் பேசுகிற, குறியாக்கம் செய்கிற லைப்ரரி என்றால், சிஸ்டம் தருவதைப் பயன்படுத்த முடிந்தவரை முயல்வேன். முடியாமல் உள்ளே வைத்தேன் என்றால் அதில் குறை வெளியானால் அந்த வாரமே நான் புதுப் பதிப்பு விட வேண்டும் என்று ஒப்புக்கொண்டுதான் வைப்பேன். அந்தப் பொறுப்பை எடுக்க ஆளில்லாத இடத்தில் நகல் வைக்க மாட்டேன்.

கேள்வி: மேக்கில்?

பதில்: ஆப் பண்டிலுக்குள் (ஆப்பின் எல்லா ஃபைல்களும் அடங்கிய ஃபோல்டர்) 'கன்டென்ட்ஸ்/ஃப்ரேம்வொர்க்ஸ்' ஃபோல்டர், லிங்க் செய்யும்போது @ஆர்பாத் என்று ஆரம்பிக்கிற பாதை. /யூஎஸ்ஆர்/லிப்பில் எழுத நினைத்தாலும் முடியாது, 2015-இல் வந்த எல் கேப்பிட்டனிலிருந்து சிஸ்டமே தடுக்கிறது. /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குத் தடையில்லை. ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேனேஜர் ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்ற இடத்தில் இருக்கிறது, உங்கள் லைப்ரரியை அதற்குள் நேரடியாக நகலெடுக்காதீர்கள், அது ஹோம்ப்ரூ ஆள்கிற இடம்.

கேள்வி: பைதான் லைப்ரரியை 'பிப்' என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவப் போனால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று மறுக்கிறது. மீறுவதற்கு ஒரு தேர்வு இருக்கிறதே, கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன அதே கதைதான் பைதான் உருவத்தில் வந்திருக்கிறது. டிஸ்ட்ரோவின் சொந்தக் கருவிகள் பலவும் பைதானில் எழுதப்பட்டவை, அவை நம்பியிருக்கிற லைப்ரரியின் பதிப்பை நீங்கள் மாற்றிவிட்டால் அப்டேட் செய்கிற கருவியே ஓடாமல் போகலாம். பெப் 668 என்ற விதிப்படி டெபியன் 12-இலிருந்து இந்த மறுப்பு வருகிறது. வீஎன்வி (சிஸ்டத்திலிருந்து பிரிந்த தனிப் பைதான் சூழல்) ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள், கட்டளையாக மட்டும் வேண்டுமென்றால் பிப்எக்ஸ், அது அந்தத் தனிச் சூழலைத் தானே போட்டுத் தரும்.

கேள்வி: அன்இன்ஸ்டால் செய்யும்போது எதையெல்லாம் அழிப்பது? ஃபோல்டரையே மொத்தமாக அழித்துவிடலாம்தானே?

பதில்: உங்கள் பெயரில் இருக்கிற /ஆப்ட் ஃபோல்டர் என்றால் பரவாயில்லை, அதிலும் பயனர் ஏதாவது சேமித்து வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு. /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் என்றால் கூடவே கூடாது, அங்கே மற்றவர்களுடையதும் இருக்கும். நிறுவும்போதே எழுதிய ஒவ்வொரு ஃபைலின் பாதையையும் ஒரு பட்டியலாகச் சேமித்து வையுங்கள். சிமேக் 'இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட்' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போடுகிறது, ஆனால் அதை வைத்து அழிக்கிற கட்டளையை நீங்கள்தான் எழுத வேண்டும். அழிக்கும்போது பட்டியலில் இருப்பவற்றை மட்டும் அழியுங்கள், காலியான ஃபோல்டரை மட்டும் நீக்குங்கள். விண்டோஸில் பகிர்ந்த டிஎல்எல் என்றால் ரெஜிஸ்ட்ரியில் 'ஷேர்ட்டிஎல்எல்ஸ்' என்ற இடத்தில் அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும். நிறுவும்போது ஒன்று கூட்ட வேண்டும், நீக்கும்போது ஒன்று குறைக்க வேண்டும், பூஜ்யமானால்தான் ஃபைலைத் தொட வேண்டும். லினக்ஸில் கடைசியாக எல்டிகான்ஃபிக்கை இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள், அழிந்த லைப்ரரியின் பெயர் கேஷில் தங்கிவிடக் கூடாது.